வயல் வாடிக்கு ஒரு பாட்டுப் பெட்டி: எம்பி3 பிளேயரை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு

"கையில்தான் போன் இருக்கே, பிறகு எதுக்கு இன்னொரு பெட்டி?" பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு பிளேயர் வாங்கப் போகிறேன் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் கேட்டேன். கேட்ட இடம் மாமாவின் வயல் வாடி, அதாவது வயல் காவலுக்குப் போட்ட குடிசை. வேளாண்மை குடலைப் பருவத்துக்கு, நெற்கதிர் வரும் சமயத்துக்கு, வந்துவிட்டால் அவருக்கு இரவெல்லாம் காவல். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். போனில் பாட்டைப் போட்டுவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்து யானை வந்தால் அடுத்த வாடிக்குக்கூடச் சொல்ல முடியாது. போனின் சார்ஜ் அவசரத்துக்கு, பாட்டுக்கு வேறு பெட்டி. மாமாவின் கணக்கு அவ்வளவுதான்.

அவருக்கு ஒன்று வாங்கிக் கொடுத்ததிலிருந்து, சொந்தத்தில் யார் பிளேயர் வாங்கினாலும் பெட்டி பிரிக்காமலே என்னிடம் வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

எதை வாங்குவது

கையடக்க எம்பி3 பிளேயர் 1998இல் கொரியாவிலிருந்து வந்த எம்பிமேன் என்ற கருவியோடு கடைக்கு வந்தது. 2001இல் ஆப்பிள் ஐபாட் 5 ஜிபி இடத்தோடு வந்து உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியது. 2022இல் அந்த ஐபாட்டையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் சாமான் அழிந்துவிடவில்லை. இன்றைக்கு மூன்று சாதிகள் கிடைக்கின்றன. சட்டைப் பையில் கொளுவிக்கொள்ளும் சின்னப் பட்டன் பிளேயர் ஒன்று. போன் போலவே தொடுதிரையோடு ஆண்ட்ராய்டில் ஓடுவது இரண்டாவது. ஒலித் தரத்துக்காகவே லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாரானவர்களுக்கான கனமான பெட்டி மூன்றாவது.

புதிதாக வாங்குபவர் முதல் சாதியை எடுங்கள். இரண்டாவது சாதி கிட்டத்தட்டப் போன்தான், போனின் தொல்லை எல்லாம் அதிலும் இருக்கும். மூன்றாவது சாதியைப் பற்றிக் கேட்க என்னிடம் வர வேண்டாம்.

மட்டக்களப்பு டவுனிலோ கல்முனையிலோ போன் சாமான் கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் சில கிடக்கும். வாங்குமுன் கையில் எடுத்து நான்கைந்து விஷயங்களைப் பாருங்கள். முதலாவது பட்டன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது நிறுத்துவது, எது அடுத்த பாட்டு என்று விரலுக்குத் தெரிய வேண்டும். இருட்டில் திரையைப் பார்த்துத்தான் இயக்க முடியும் என்றால் வாடிக்கு உதவாது. இரண்டாவது, மெமரி சிப் போடும் ஓட்டை இருக்கிறதா? சில நல்ல கொம்பனிப் பிளேயர்களில்கூட அது இருக்காது. மூன்றாவது, இயர்போன் செருகும் 3.5 மில்லிமீட்டர் துளை. நான்காவது, பாட்டுகளை ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்க்கும் வழி மெனுவில் இருக்கிறதா என்று கடைக்காரரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இது இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போகும் வேலை எதுவும் நடக்காது. கடைசியாக, நிறுத்திய இடத்திலிருந்து திரும்பத் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரச் சொற்பொழிவில் 40ஆவது நிமிடத்தில் நித்திரையானவருக்கு அதன் அருமை தெரியும்.

புளூடூத் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். அது பெரும்பாலும் பிளேயரிலிருந்து ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ ஒலியை அனுப்புவதற்கு மட்டும்தான். போனிலிருந்து பிளேயருக்குப் பாட்டை அனுப்புவதற்கு அல்ல. என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு விஷயத்தில்தான் ஏமாந்து வந்தார்கள். அதோடு புளூடூத்தைப் போட்டால் பட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

பெட்டியில் 128 ஜிபி என்று போட்டு, விலை மட்டும் தேநீர்க் காசு போல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உள்ளே இருப்பது 4 ஜிபியோ 8 ஜிபியோதான். அதை 128 என்று கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். பாட்டை ஏற்றும்போது எல்லாம் சரியாகப் போவது போலவே தெரியும். உண்மையான இடம் முடிந்த பிறகு ஏற்றிய பாட்டுகள் தொடங்கியதும் கிறீச்சிட்டு நின்றுவிடும், இல்லாவிட்டால் பழைய பாட்டுகளை அழித்துவிடும்.

மெமரி சிப்

சிப்பிலும் இதே பொய் உண்டு. வாங்கிய அன்றே நிரம்ப நிரம்ப எதையாவது ஏற்றி, கடைசியாக ஏற்றியதைத் திறந்து பாருங்கள். கொம்பியூட்டர் பழகியவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளால் சோதிக்கலாம். கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் சிப்பின் உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

32 ஜிபி போதும். 64 ஜிபி சிப்புகள் எக்ஸ்ஃபாட் என்ற அமைப்பில் வரும். சாதாரண பிளேயர்கள் பல ஃபாட் 32ஐ மட்டுமே படிக்கும், மற்றதைக் கண்டால் 'சிப் இல்லை' என்று சாதிக்கும். 32 ஜிபி குறைவு என்று நினைக்க வேண்டாம். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்பி போகும். ஐந்து நிமிடப் பாட்டு என்று வைத்தால் 6,000 பாட்டு கொள்ளும். எந்தப் போகத்துக்குக் காவல் இருந்தாலும் கேட்டு முடிக்க ஏலாது.

அந்த கேபிபிஎஸ் என்பது, ஒரு நொடி ஒலியை எத்தனை துணுக்குத் தரவில் எழுதி வைக்கிறோம் என்ற கணக்கு. பேச்சு, பிரசங்கம், பயான் போன்றவற்றுக்கு 64 போதும். பாட்டுக்கு 192 நல்ல அளவு. 320 வரை போகலாம், ஆனால் சாதாரண இயர்போனில் வித்தியாசம் பிடிபடாது. ஒரு தம்பி 128இல் இருந்த பாட்டுகளை எல்லாம் ஒரு மென்பொருளில் போட்டு 320 ஆக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய சட்டியில் உறைய வைத்தால் தயிர் கெட்டியாகுமா? இடம் மட்டும்தான் இரண்டரை மடங்கு போனது.

பாட்டு ஏற்றுவது

இதில்தான் புதியவர்கள் எல்லோரும் விழுவார்கள். நானும் விழுந்தேன். நடந்ததைச் சொன்னால் சுலபமாக விளங்கும்.

மாமாவுக்குக் கண்ணகை அம்மன் சடங்கில் படிக்கும் கதை என்றால் உயிர். கோயிலில் ஒலிபெருக்கிக்காரர் பதிவு செய்தது 14 துண்டாக என்னிடம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே இழுவையில் சிப்புக்குள் போட்டுக் கொடுத்துவிட்டேன். கொம்பியூட்டரில் பார்த்தபோது வரிசை அச்சாக இருந்தது. மறுநாள் காலை போன் வருகிறது. "மருமகன், கோவலனை இன்னும் வெட்டவே இல்ல, அதுக்குள்ள இவங்க குளிர்த்தி பாடுறாங்க. இது என்ன கதை?" குளிர்த்தி கடைசியில் பாடுவது.

விஷயம் இதுதான். சிப்பில் எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் உண்டு. எது முதலில் எழுதப்பட்டதோ அது பட்டியலில் முதலாவது. கொம்பியூட்டர் அதைப் பெயர் வரிசைப்படி அடுக்கித்தான் நமக்குக் காட்டும். மலிவு விலைப் பிளேயர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை, பட்டியலை இருக்கிறபடியே வாசித்துவிடும். நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால், அது அழித்த பாட்டின் இடத்தில் போய்க் குந்திக்கொள்ளும். பிறகு வரிசை என்று ஒன்று கிடையாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. சிப்பில் உள்ளதை எல்லாம் வேறு இடத்தில் கொப்பி எடுத்து வைத்துவிட்டு, சிப்பை ஃபாட் 32 ஆக ஃபோர்மட் பண்ணுங்கள், அதாவது முழுதாக அழித்துப் புதிதாக்குங்கள். பிளேயரின் மெனுவிலேயே அந்த வசதி இருந்தால் அங்கேயே செய்வது நல்லது.
2. கொம்பியூட்டரிலேயே ஃபோல்டர்களைத் தயார் செய்யுங்கள். பக்திப் பாட்டு ஒன்று, பழைய பாட்டு ஒன்று, கதை ஒன்று. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று போக வேண்டாம்.
3. ஒவ்வொரு பாட்டின் பெயருக்கும் முன்னால் எண் போடுங்கள். 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். நூறைத் தாண்டினால் 001. வெறும் 1 போட்டால் சில பிளேயர்களில் 1க்குப் பிறகு 10 வரும், 2 வராது.
4. ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகச் சிப்புக்கு அனுப்புங்கள். பல பாட்டுகளை ஒன்றாகத் தெரிவு செய்து இழுத்தால், முதலாவது பாட்டைப் பிடித்து இழுங்கள். அன்றைக்கு நான் கடைசிப் பாட்டைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.
5. 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அழுத்திய பிறகே வயரைக் கழற்றுங்கள். ஏற்றி முடிந்தது போல் தெரிந்தாலும் கடைசித் துண்டு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

கொம்பியூட்டர் இல்லாத வீடுகள்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும். போனில் செருகும் சின்ன ஓடிஜி அடப்டர் ஒன்றும் சிப் வாசிக்கும் கருவி ஒன்றும் வாங்கினால் போனிலிருந்தே ஏற்றலாம். ஆனால் போன் எந்த ஒழுங்கில் எழுதும் என்று சொல்ல முடியாது. வரிசை முக்கியம் என்றால் ஒன்றொன்றாக அனுப்புங்கள். சினிமாப் பாட்டு முன்னே பின்னே வந்தால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

பிளேயரை வயரால் நேரே இணைத்தும் எதுவும் தெரியவில்லை என்றால், அதன் மெனுவில் யூஎஸ்பி என்ற இடத்தில் எம்டிபி, எம்எஸ்சி என்று இரண்டு இருக்கும். மற்றதற்கு மாற்றிப் பாருங்கள். எம்எஸ்சியில் வைத்தால் பிளேயர் ஒரு பென் டிரைவ் போல் திறக்கும்.

இன்னொன்று. யூடியூப் செயலிக்குள் 'டவுன்லோட்' செய்து வைத்தது அந்தச் செயலிக்குள் மட்டும்தான் ஓடும், அதைப் பிளேயருக்கு எடுக்க முடியாது. உங்களிடம் உள்ள சீடிகள், காசு கொடுத்து இறக்கிய பாட்டுகள், நீங்களே பதிந்தவை, இவைதான் ஏற்றுவதற்கு உரியவை.

தமிழ்ப் பெயர் ஏன் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது

பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை, அதுதான் காரணம். சிலவற்றில் எழுத்துரு இருக்கும், ஆனால் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாது. 'கோ' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், ககரம் தனியாக நிற்கும். இன்னும் சில பாட்டுகளில் பெயர் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். அது யாரோ பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்த பெயர். பழைய சீடியிலிருந்து வந்த பாட்டு என்றால் பெரும்பாலும் இதுதான்.

பிளேயரில் தமிழைக் கொண்டுவரப் பாடுபட வேண்டாம். ஃபோல்டர் பெயரையும் பாட்டின் பெயரையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதி, எண்ணைப் போட்டு விடுங்கள். தமிழில் எழுதியே ஆக வேண்டும் என்றால் எங்கள் மாமி செய்த மாதிரிச் செய்யலாம். அவர் கொப்பித் தாளில் எண்ணும் பாட்டும் எழுதி, பிளேயரின் உறையோடு தைத்து வைத்திருக்கிறார். எந்தப் பிளேயரிலும் ஓடும் வழி அதுதான்.

பெயரைத் திருத்தியும் திரையில் பழைய பெயரே வருகிறதா? பாட்டுக்குள்ளேயே ஐடி3 என்ற குறிப்பில் பாட்டின் பெயர், பாடியவர், தொகுப்பு எல்லாம் தனியாக எழுதப்பட்டிருக்கும். பிளேயர் அதைத்தான் காட்டுகிறது. கொம்பியூட்டரில் பாட்டின் மேல் வலது பக்கம் அழுத்தி, விவரங்கள் பகுதிக்குப் போய் அதை மாற்றலாம், அல்லது அழித்துவிடலாம். நான் அழித்துவிடுவேன்.

திரை முழுக்கச் சீன மொழியில் வந்துவிட்டது என்று பயந்துபோய் வருபவர்களும் உண்டு. பல்சக்கரப் படம் இருக்கும் இடத்துக்குப் போங்கள். உள்ளே ஒவ்வொரு வரியாகத் திறந்தால், ஒரு பட்டியலில் பல நாட்டு எழுத்துகள் வரிசையாக இருக்கும். அதில் ஆங்கிலத்தைத் தெரிவு செய்தால் வேலை முடிந்தது.

கேட்கும்போது

'ஹோல்ட்' என்ற பூட்டுப் பட்டனை முதலில் பழகுங்கள். பையில் கிடந்து தானாக அழுத்துப்படுவது அதோடு நிற்கும்.

ஏ-பி ரிப்பீட் என்று ஒரு வசதி பல பிளேயர்களில் உண்டு, யாரும் தொடுவதில்லை. பாட்டு ஓடும்போது ஓர் இடத்தில் ஏ என்று குறித்து, இன்னோர் இடத்தில் பி என்று குறித்தால், அந்தத் துண்டு மட்டும் நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும். கல்லடியில் விபுலாநந்தர் அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படித்த என் மச்சாள் ஒரு சங்கதி பிடிபடும்வரை இதில்தான் சாதகம் செய்வாள். காத்தான்குடி நண்பர் ஒருவரின் மகன் குர்ஆன் சூராக்களை ஆயத்து ஆயத்தாகப் பாடமாக்குவதும் இப்படித்தான். என்னைக் கேட்டால், போனை விட்டு இதை வாங்குவதற்கு இந்த ஒரு பட்டனே போதும்.

இரவில் கேட்பவர்கள் ஸ்லீப் டைமரை 30 நிமிடத்துக்கு வையுங்கள். ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்குவலைசரை முதல் ஒரு கிழமைக்குத் தொடாதீர்கள்.

சத்தத்தைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபலில் அதே நேரம். வாடியில் டெசிபல் அளக்க முடியாது. கை எட்டும் தூரத்தில் நிற்பவர் சாதாரணமாகக் கதைப்பது காதில் விழவில்லை என்றால் குறைத்துவிடுங்கள். வயல் காவலில் இரண்டு காதிலும் மாட்டவே வேண்டாம். யானை வரும்போது முதலில் தெரிவது கண்ணுக்கு அல்ல, மரம் முறியும் சத்தம்தான். ஒரு காதில் மட்டும் கேட்பதற்கு, மெனுவில் மோனோ என்று இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் சில பழைய பாட்டுகளில் வாத்தியம் மட்டும் கேட்கும், பாடுபவர் மற்றக் காதில் பாடிக்கொண்டிருப்பார்.

எஃப்எம் ரேடியோவுக்கு இயர்போன் வயர்தான் அன்டெனா. வயர் இல்லாமல், புளூடூத்தில் மட்டும் கேட்க நினைத்தால் இரைச்சல்தான். நிலையங்கள் பாதி காணாமல் போயிருந்தால் பிராந்தியம் ஜப்பானில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அலைவரிசை 76இலிருந்து தொடங்கும், நமக்கு 87.5இலிருந்து 108 வரை.

சார்ஜும் உப்புக் காற்றும்

டைப் சி துளை உள்ள மலிவுப் பிளேயர்கள் சில, இரண்டு பக்கமும் டைப் சி உள்ள வயரில் சார்ஜ் ஏறாது. பழுது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பக்கம் பழைய தட்டை யூஎஸ்பி உள்ள வயரில் போட்டால் ஏறும். பவர் பேங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பிளேயர் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானாக நின்றுவிடும். போனையும் சேர்த்துப் போட்டால் நிற்காது.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இயர்போன் துளைக்குள் உப்புக் காற்று ஏறி, ஒரு பக்கம் கேட்காமல் போகும். இயர்போன் முனையைத் துணியால் துடைத்து நாலைந்து தடவை செருகி எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். வாடைக் காலத்தில் மூடி உள்ள சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரைக்கு நேரே கீழேயோ மோட்டார் சைக்கிள் இருக்கைப் பெட்டிக்குள்ளேயோ வெயிலில் விட்டால் பட்டரி ஊதிவிடும். அறுவடை முடிந்து அடுத்த போகம்வரை எடுக்க மாட்டீர்கள் என்றால் பாதிச் சார்ஜில் வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒள்ளுப்பம் ஏற்றுங்கள்.

திரை உறைந்துபோனால் பவர் பட்டனைப் 15, 20 நொடி விடாமல் அழுத்துங்கள். ரீசெட் என்று எழுதிய ஊசித் துளை இருந்தால் அதில் குத்துங்கள், மைக் துளையில் குத்திவிட வேண்டாம்.

குரல் பதிவு

பாட்டு கேட்கத்தான் வாங்குகிறோம். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது அதிகம் ஓடுவது பதிவு செய்யும் வசதிதான். பெத்தம்மா பாடும் தாலாட்டு, வடமோடிக் கூத்துப் பழக்கத்தில் அண்ணாவியார் சொல்லிக் கொடுக்கும் தாளக்கட்டு, அக்கரைப்பற்றுப் பக்கத்து நாட்டார் கவி என்று என் சிப்பில் சேர்ந்துகொண்டே போகிறது.

மெனுவில் பதிவின் தரத்தை முதலில் பாருங்கள். வேவ் என்று இருந்தால் ஒலி உள்ளபடியே பதியும், ஆனால் சீடித் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் போகும். எம்பி3 128இல் அதே ஒரு மணி நேரத்துக்கு 60 எம்பி போதும். பேச்சுக்கு அது தாராளம். பாட்டுக்கும் பறைக்கும் வேவ் வையுங்கள். ஏஜிசி என்று ஒன்று இருந்தால், கதை கேட்கும்போது போட்டு வைக்கலாம், கூத்தைப் பதியும்போது நிறுத்திவிடுங்கள். அது சத்தம் குறையும்போது தானாகக் கூட்டும், கூடும்போது குறைக்கும். மத்தளம் விழுந்த அடியில் அண்ணாவியாரின் குரல் கிணற்றுக்குள் போய்விடும்.

பிளேயரைக் கையில் பிடிக்க வேண்டாம். விரல் அசைவது எல்லாம் கரகரவென்று பதியும். ஒரு மடித்த துணியின் மேல் வைத்து, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெளியில் என்றால் மைக் துளைக்கு மேல் ஒற்றை மடிப்புக் கைக்குட்டை போதும், காற்று அடிப்பது குறையும்.

எங்கள் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள். ஒரு பௌர்ணமி இரவு அந்தப் பாடும் மீனைப் பதியப் போனோம். கல்லடிப் பழைய பாலத்தடியில் தோணியில் இருந்துகொண்டு, துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பதுதான் பழைய வழக்கம். நான் காதுக்குப் பதிலாகப் பிளேயரின் மைக்கை வைத்து ரப்பர் பட்டியால் கட்டினேன். ஒரு மணி நேரம் பதிந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் புதுப் பாலத்தில் போன லொறிகள், அலை தோணியைத் தட்டும் சத்தம், தோணிக்காரரின் இருமல். நடுவில் 20 நொடி போல் தந்தியை மெல்லச் சுண்டிய மாதிரி ஒன்று. மீனா, துடுப்புத் தேய்ந்த சத்தமா என்று வீட்டில் இன்னும் சண்டை.

அந்தப் பதிவைக் கேட்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். பிளேயரின் கடிகாரத்தைச் சரிசெய்யாவிட்டால் பதிவுகளுக்கெல்லாம் ஏதோ ஒரு பழைய தேதி விழும், பெயரும் வெறும் ரெக் 001, ரெக் 002 என்றுதான் இருக்கும். பெத்தம்மாவின் தாலாட்டை மட்டும் பெயர் மாற்றி லப்டப்பில் எடுத்து வைத்திருந்தேன். மற்றதை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். மாமாவின் கதையை வரிசையாக ஏற்றுவதற்கு என் சிப்பை ஃபோர்மட் பண்ணிக் கொடுத்தது அந்தக் கிழமைதான். மேலே முதலாவது படியில் 'வேறு இடத்தில் கொப்பி எடுத்து வைத்துவிட்டு' என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரி அப்படி வந்தது.